டிவிடியில் படம் உடைகிறதா, திக்குகிறதா? சிபிஆர், விபிஆர் சிக்கல்களை அறிகுறி வைத்துப் பிடிப்பது

மேடை நடன நிகழ்ச்சி ஒன்றைப் படம் பிடித்து டிவிடியாக்கித் தரும் பொறுப்பு ஒருமுறை என்னிடம் வந்தது. மொத்தம் 110 நிமிடம். சிபிஆர் முறையில் (பிட்ரேட் மாறாத முறை) 5,200 கிலோபிட் வைத்து என்கோட் செய்தேன், அதாவது டிவிடிக்கு ஏற்றபடி சுருக்கினேன். வரவேற்புரையும் பேச்சுகளும் துல்லியமாக இருந்தன. நடனம் வேகம் பிடித்ததும் ஆடுபவரின் கைகளைச் சுற்றிச் சின்னச் சின்னச் சதுரங்கள் மொய்த்தன. யார் ஆடியதைப் பார்ப்பதற்காக அந்த டிஸ்க்கைக் கேட்டார்களோ, அவர்களே சரியாகத் தெரியவில்லை. அதே 5,200-ஐச் சராசரியாக வைத்து, படத்தை இருமுறை ஓட்டும் இரண்டு பாஸ் விபிஆர் (பிட்ரேட் மாறும்) முறையில் திரும்ப என்கோட் செய்தபோது கோப்பு அளவு ஏறக்குறைய மாறவே இல்லை, நடனம் தெளிந்துவிட்டது. அன்றிலிருந்து யாராவது டிஸ்க்கில் பிரச்சினை என்றால் எந்த இடத்தில், எப்படி என்றுதான் முதலில் கேட்கிறேன். எந்த அமைப்பு தவறு என்பதை அறிகுறியே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு நொடிப் படத்துக்குச் செலவாகும் பிட்டுகளின் அளவுதான் பிட்ரேட். சிபிஆர் என்றால் மாறாத பிட்ரேட். திரை பத்து நொடி வெறும் கருப்பாக இருந்தாலும் 8,000 கிலோபிட் என்று வைத்தால் 8,000 போகும். தேவையில்லாத இடத்தை என்கோடர் வெற்றுப் பிட்டுகளால் நிரப்பும். அந்தப் பத்து நொடிக் கருப்புத் திரைக்கு டிஸ்க்கில் 10 மெகாபைட் போய்விடும். விபிஆர் என்றால் மாறும் பிட்ரேட். எளிய காட்சியில் மிச்சம் பிடித்துக் கடினமான காட்சியில் செலவழிக்கும். இரண்டிலும் மொத்தச் செலவு ஒன்றாகவே இருக்கலாம், பங்கீடுதான் வேறு. விபிஆர் போட்டால் கோப்பு சிறிதாகும் என்று பலர் நம்புகிறார்கள். அளவைத் தீர்மானிப்பது சராசரிதான். சராசரி ஒன்றாக இருந்தால் அளவும் ஒன்றுதான்.

இந்தக் கட்டுரையில் பிட்ரேட் எண்கள் எல்லாம் நொடிக்கு எவ்வளவு என்ற கணக்கு.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வகுத்தல்

அறிகுறிகளுக்குப் போகும் முன் இதைச் செய்துவிடுங்கள். பாதிப் பிரச்சினைகள் இங்கேயே தீரும்.

ஒற்றை அடுக்கு டிவிடியில் ஏறத்தாழ 470 கோடி பைட் கொள்ளும். எட்டால் பெருக்கினால் 3,760 கோடி பிட். மெனு, கோப்புக் கட்டமைப்பு, பாக்கெட் தலைப்புகள் ஆகியவற்றுக்காக 5 சதவீதம் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவதை ஒரு சூத்திரமாகவே வைத்துக்கொள்ளலாம்: 5,95,000-ஐ நிமிடக் கணக்கால் வகுங்கள். கிடைப்பது படமும் ஒலியும் சேர்ந்த மொத்தக் கிலோபிட். ஒலிக்கு ஏசி3 (சுருக்கிய ஒலி வடிவம்) 192 என்றால் அதைக் கழியுங்கள். மீதி படத்துக்கு.

90 நிமிடத்துக்கு 6,400 வரும். இரண்டு மணி நேரத்துக்கு 4,750. மூன்று மணி நேரத்துக்கு வெறும் 3,100. ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 9,700-க்கு மேல் வரும், ஆனால் அதை அப்படியே வைக்கக் கூடாது. டிவிடி விதிப்படி படத்துக்கு உச்சம் 9,800, படம் ஒலி எல்லாம் சேர்த்து 10,080. வீட்டில் எழுதும் டிஸ்க்குகளை அந்த விளிம்பில் ஓட்டினால் பல பிளேயர்கள் தடுமாறும். நான் 8,000-ஐத் தாண்டுவதில்லை.

இதிலிருந்தே தேர்வும் வந்துவிடுகிறது. 8,000 படம், 192 ஒலி என்றால் 72 நிமிடம் வரை ஒற்றை அடுக்கில் இடம் இருக்கிறது. அந்த நீளத்துக்குள் இருந்தால் சிபிஆர் போட்டுவிடுங்கள். எல்லாக் காட்சிக்கும் உச்சமே கிடைக்கும்போது மிச்சம் பிடித்து எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? இரண்டு பாஸ் ஓட்டினால் நேரம்தான் இரட்டிப்பாகும். 72 நிமிடத்தைத் தாண்டியதும் இரண்டு பாஸ் விபிஆர். நீளம் கூடக் கூட அதன் பயனும் கூடும்.

அறிகுறி: வேகமான காட்சியில் மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது

என் நடன டிஸ்க்கின் கதை இதுதான். தண்ணீர், மழை, காற்றில் ஆடும் இலைகள், தூவும் வண்ணக் காகிதங்கள், கேமரா ஃபிளாஷ்கள், மாறி மாறி எரியும் மேடை விளக்குகள். இவை எல்லாம் டிவிடியின் படச் சுருக்க முறையான எம்பெக்-2-க்கு எமன். முந்தைய பிரேமில் இருந்ததை நகர்த்தி வைத்துப் பிட்டுகளைச் சேமிப்பதுதான் அதன் வேலை முறை. ஒவ்வொரு இலையும் ஒரு பக்கம் அசைந்தால் நகர்த்தி வைக்க ஒன்றும் கிடைக்காது, எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். ஃபிளாஷ் இன்னும் மோசம். ஒரே ஒரு பிரேம் வெள்ளையாகி, அடுத்ததில் பழைய நிலைக்குத் திரும்பும்.

முதலில் உங்கள் கோப்பு சிபிஆரா என்று பாருங்கள். ஆம் என்றால், சராசரியை மாற்றாமல் இரண்டு பாஸ் விபிஆருக்குப் போங்கள், உச்சம் 8,000. முதல் பாஸில் என்கோடர் படம் முழுவதையும் பார்த்து எந்தக் காட்சி எவ்வளவு கடினம் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாவதில் அந்தக் குறிப்பை வைத்துப் பங்கிடும்.

ஏற்கெனவே விபிஆர்தான், ஆனாலும் உடைகிறது என்றால் உச்ச வரம்பைப் பாருங்கள். சராசரி 4,750 வைத்து உச்சத்தை 5,500 என்று கட்டிப்போட்டிருந்தால் அது பெயரளவில்தான் விபிஆர். சராசரிக்கும் உச்சத்துக்கும் நடுவே இடைவெளி வேண்டும், அதில்தான் விபிஆருக்கு உயிரே இருக்கிறது.

உச்சமும் சரியாக இருக்கிறது என்றால் மூலத்தைப் பாருங்கள். வெளிச்சம் குறைந்த அரங்கில் எடுத்த காட்சியில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும். நம் கண்ணுக்கு அது குப்பை, என்கோடருக்கு அது தகவல். ஒவ்வொரு புள்ளியையும் காப்பாற்ற முயன்று பிட்டுகளைத் தீர்த்துவிடும். மிதமான இரைச்சல் நீக்கம் போட்டுவிட்டு என்கோட் செய்தால், பிட்ரேட்டை ஆயிரம் கூட்டியது போன்ற வித்தியாசம் தெரிவதைப் பார்த்திருக்கிறேன். மிதமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதிகமானால் முகங்கள் மெழுகுபோல வழுவழுத்துவிடும்.

அறிகுறி: பிளேயரில் நின்று நின்று ஓடுகிறது, கணினியில் சரியாக ஓடுகிறது

மிக அதிகமாகக் கேட்கப்படும் புகார் இது. பழி பெரும்பாலும் விபிஆர் மேல் விழுகிறது. அது உண்மையா என்று கண்டுபிடிக்க வரிசையாகப் போக வேண்டும்.

டிஸ்க்கைத் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் நிற்கிறதா? இடம் மாறி மாறி நின்றால் பிட்ரேட்டுக்குச் சம்பந்தமே இல்லை, டிஸ்க்கோ பிளேயரின் லென்ஸோ காரணம்.

அதே இடம்தான் என்றால் டிஸ்க்கில் உள்ள கோப்புகளைக் கணினிக்குத் திரும்ப நகலெடுங்கள். நகலெடுக்கும் வேகம் நடுவில் எங்காவது தொய்ந்து போனால் எழுதியதில் கோளாறு. எழுதும் வேகத்தைக் குறைத்து வேறொரு நல்ல டிஸ்க்கில் எழுதிப் பாருங்கள். விளிம்புப் பகுதியில் பிழைகள் கூடுதலாக வருவது வழக்கம், அதனால் படத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் திக்கினால் முதல் சந்தேகம் டிஸ்க் மேல்தான் இருக்க வேண்டும். இரட்டை அடுக்கு டிஸ்க்கில் நடுவில் ஒரே ஒரு முறை ஒரு கணம் நிற்பது அடுக்கு மாறும் இடம். அது இயல்பு.

நகலெடுப்பது சீராக முடிகிறது, இரண்டாவது டிஸ்க்கிலும் அதே காட்சியில் நிற்கிறது என்றால் அந்தக் காட்சி என்னவென்று பாருங்கள். ஃபிளாஷ், கூட்டம், அலை போன்ற ஒன்றாக இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. உச்ச பிட்ரேட் அந்த இடத்தில் எகிறியிருக்கிறது.

எகிறியதா என்று சரிபார்ப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. கோப்பு விவரம் காட்டும் மென்பொருளில் உச்ச பிட்ரேட் 9,800 என்றோ 8,000 என்றோ ஓர் எண் தெரியும். எம்பெக்-2 கோப்பின் தலைப்பில் என்கோடர் எழுதி வைத்த வாக்குறுதி அது. படம் உண்மையில் எவ்வளவு எகிறியது என்பதை அது சொல்லாது. நொடிக்கு நொடி பிட்ரேட்டை வரைபடமாகக் காட்டும் கருவியில் போட்டுப் பார்த்தால்தான் நிஜம் தெரியும்.

தீர்வு, உச்சத்தை 8,000-க்கு இறக்கிக் கூடவே பஃபர் அளவையும் சரியாகக் கொடுப்பது. இந்த இரண்டாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிளேயருக்குள் ஒரு சின்னத் தொட்டி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கிலிருந்து குழாய் வழியாக பிட்டுகள் விழுகின்றன, ஒவ்வொரு பிரேமும் தன் பங்கை மொண்டுகொண்டு போகிறது. சிபிஆரில் குழாய் எப்போதும் ஒரே சீராக ஓடும், தொட்டி வழியாமல் இருக்கத்தான் அந்த வெற்றுப் பிட்டுகள். விபிஆரில் தொட்டி நிறைந்ததும் குழாய் மூடிக்கொள்ளும். டிவிடிக்கு அந்தத் தொட்டியின் அளவு 18,35,008 பிட், அதாவது 224 கிலோபைட். 8,000 கிலோபிட் வேகத்தில் கால் நொடிக்கும் குறைவான இருப்பு. அதை மீறி ஒரு பிரேம் கேட்டால் தொட்டி வறண்டு படம் நிற்கும். என்கோடரிடம் உச்சத்தை மட்டும் சொல்லித் தொட்டியைச் சொல்லாவிட்டால் சில என்கோடர்கள் உச்சத்தைக் கண்டுகொள்வதே இல்லை. இரண்டும் சேர்ந்துதான் வரம்பு.

ஒலியையும் பாருங்கள். சுருக்காத பிசிஎம் ஸ்டீரியோ 1,536 கிலோபிட் எடுக்கும். படம் 9,000-ஐத் தொடும் நொடியில் இதுவும் சேர்ந்தால் 10,536. விதியையே மீறிவிட்டது. ஒலியை ஏசி3-க்கு மாற்றினாலே ஆயிரத்துக்கு மேல் மிஞ்சும். பேச்சும் பாட்டும் கலந்த வீட்டு வீடியோவில் அந்த வித்தியாசத்தைக் காதால் பிடிப்பது கடினம். இசை நிகழ்ச்சி மட்டுமே உள்ள டிஸ்க் என்றால் பிசிஎம்மை வைத்துக்கொண்டு படத்தின் உச்சத்தை 7,500-க்கு இறக்குங்கள்.

இன்னொரு வகைத் திக்கல் உண்டு. கேமரா பக்கவாட்டில் திரும்பும்போதெல்லாம் படம் முன்னும் பின்னும் உதறும். எந்தக் காட்சியானாலும், படம் முழுக்க. இதற்குப் பிட்ரேட்டைக் கூட்டிக் கூட்டி ஏமாந்து போகாதீர்கள். ஃபீல்டு வரிசை தலைகீழாகியிருக்கிறது. இன்டர்லேஸ் படத்தில் ஒவ்வொரு பிரேமும் ஒன்றுவிட்ட கோடுகளாக இரண்டு பாதிகளாகப் பிரிந்திருக்கும், அந்தப் பாதிதான் ஃபீல்டு. மினிடிவி நாடா போடும் டிவி (DV) கேமராவில் எடுத்தது கீழ் ஃபீல்டு முதலில் வரும், பிற்கால எச்டி கேமராக்களின் இன்டர்லேஸ் படத்தில் மேல் ஃபீல்டு முதலில். மூலத்தில் எது முதலில் என்று பார்த்து என்கோடரில் அதையே கொடுங்கள்.

அறிகுறி: டிஸ்க்கில் கொள்ளவில்லை

கோப்பு 4.6 ஜிபி என்று காட்டுகிறது, டிஸ்க் 4.7 ஜிபி, ஆனாலும் பர்ன் மென்பொருள் மறுக்கிறது. டிஸ்க் அட்டையில் உள்ள 4.7, ஆயிரம் ஆயிரமாக எண்ணியது. கணினி பல இடங்களில் 1,024-ஆக எண்ணிக் காட்டும், அந்தக் கணக்கில் டிஸ்க்கின் கொள்ளளவு 4.37 மட்டுமே. இரண்டையும் பைட் எண்ணிக்கையிலேயே ஒப்பிடுங்கள், குழப்பம் வராது.

உண்மையிலேயே பெரிதாகிவிட்டது என்றால் பெரும்பாலும் தர எண் முறையில், அதாவது பிட்ரேட்டைச் சொல்லாமல் தரத்துக்கு ஓர் எண்ணை மட்டும் கொடுத்து, என்கோட் செய்திருப்பீர்கள். தரம் மாறாது, அளவு எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. கணினியில் சேமித்து வைக்க நான் விரும்பும் முறை அது. அளவு கண்டிப்பாக உள்ள டிஸ்க்குக்கு ஒத்துவராது.

தயார் நிலை அமைப்புகளும் காலை வாரும். எஃப்எஃப்எம்பெக் என்ற என்கோட் மென்பொருளில் டிவிடி என்று இலக்கைக் கொடுத்தால் படத்துக்குச் சராசரி 6,000, உச்சம் 9,000, ஒலிக்கு 448 என்று அதுவே வைத்துக்கொள்ளும். நல்ல எண்கள்தான், ஆனால் நீளத்தை அது பார்ப்பதில்லை. நம் வகுத்தல்படி 92 நிமிடம் வரைதான் அந்த எண்களுக்கு இடம். இரண்டு மணி நேரப் படத்தை அப்படியே விட்டால் 580 கோடி பைட்டுக்கு வந்து நிற்கும். இலக்கைக் கொடுத்த பிறகு சராசரி, உச்சம், ஒலி மூன்றையும் உங்கள் கணக்குப்படி மாற்றி எழுதுங்கள், தொட்டி அளவை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

அறிகுறி: டிஸ்க் பாதி காலி, படமும் சுமார்

எழுதி முடித்துப் பார்த்தால் 2.5 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது, ஆனால் இருட்டுக் காட்சிகளில் உடைகிறது. ஒற்றை பாஸ் விபிஆர். அது தன் மனக்கணக்கில் இந்தக் காட்சிக்கு இது போதும் என்று முடிவு செய்து குறைத்துக்கொண்டே போயிருக்கிறது. இடம் இருந்தும் பயன்படுத்தவில்லை. நீளம் 72 நிமிடத்துக்குள் என்றால் சிபிஆருக்கு மாறுங்கள். அதற்கு மேல் என்றால் இரண்டு பாஸ்.

ஒற்றை பாஸின் இன்னொரு முகம், முன்பாதி தெளிவாக இருந்து பின்பாதி கலங்குவது. சராசரியை எட்டச் சொல்லியிருக்கிறீர்கள், பின்னால் என்ன வரப்போகிறது என்று அதற்குத் தெரியாது. முதலில் தாராளமாகக் கொடுத்துவிட்டுக் கடைசியில் இறுக்கிப் பிடிக்கிறது. நேரமே இல்லை, ஒரே பாஸ்தான் ஓட்ட முடியும் என்ற நெருக்கடி வந்தால் ஒற்றை பாஸ் விபிஆரைவிட சிபிஆர் நம்பகமானது என்பது என் அனுபவம். எவ்வளவு அளவு வரும், எந்த இடத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பதாவது உறுதியாகத் தெரியும்.

அறிகுறி: விபிஆர் போட்ட பிறகு இருட்டும் மங்கலும் கெட்டுவிட்டன

நடனம் தெளிந்தது. ஆனால் காட்சி மெல்ல இருண்டு மறையும் இடத்தில், இரவு வானத்தில், மங்கலான சுவரில் படிக்கட்டுகள் போலப் பட்டைகள். விபிஆருக்கே உரிய நோய் இது, சிபிஆரிலிருந்து மாறுகிறவர்கள் முதலில் திடுக்கிடுவது இங்கேதான். இருட்டில் நுணுக்கம் குறைவு என்று என்கோடர் கணக்கிட்டுப் பிட்டுகளை எடுத்து வேறு இடத்தில் கொடுத்துவிடுகிறது. தொலைக்காட்சியில் வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருப்பவர்களுக்குச் சதுரங்கள் பளிச்சென்று தெரியும்.

குறைந்தபட்ச பிட்ரேட் என்று ஓர் அமைப்பு இருந்தால் பூஜ்யமாக விடாமல் 2,000 வையுங்கள். கருப்புத் திரைக்கும் கொஞ்சம் வீணாகும்தான், ஆனாலும் இருட்டுக் காட்சிகள் மூச்சுவிடும். அப்புறம் எம்பெக்-2-இல் டிசி துல்லியம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. படத்தின் ஒவ்வொரு சிறு கட்டத்தின் சராசரி அளவை எவ்வளவு நுணுக்கமாக எழுதுவது என்பதுதான் அது. டிவிடிக்கு 8, 9, 10 பிட் அனுமதி. சராசரி பிட்ரேட் 5,000-க்கு மேல் இருந்தால் 10 வைத்துப் பாருங்கள், வானம் போன்ற வழுவழுப்பான பரப்புகளில் பட்டை குறையும். இவ்வளவு செய்தும் மெல்லிய பட்டைகள் மிஞ்சினால் விட்டுவிடலாம். டிவிடியின் நிறங்கள் 8 பிட்டில்தான் இருக்கின்றன, அந்த எல்லையை எந்தப் பிட்ரேட்டாலும் தாண்ட முடியாது.

அறிகுறி: ஒரே டிஸ்க்கில் ஒரு பகுதி அருமை, இன்னொரு பகுதி மோசம்

தனித்தனிக் கிளிப்புகளைத் தனித்தனியாக என்கோட் செய்து ஒரே டிஸ்க்கில் சேர்க்கும்போது வருவது. 90 நிமிடக் கருத்தரங்கு, 30 நிமிட விளையாட்டுப் போட்டி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 நிமிடம், ஆகவே இரண்டுக்கும் 4,750 கொடுத்து இரண்டு பாஸ் ஓட்டுகிறீர்கள். கருத்தரங்கு வழவழவென்று இருக்கிறது, பந்தைக் காணவில்லை. விபிஆர் ஒரு கோப்புக்குள் மட்டும்தான் பங்கிடும். கருத்தரங்கில் மிச்சமானதைப் போட்டிக்கு எடுத்துக் கொடுக்க அதற்கு வழியே இல்லை.

முடிந்தால் எல்லாவற்றையும் ஒரே டைம்லைனில் அடுக்கி ஒரே கோப்பாக என்கோட் செய்துவிட்டு, ஆத்தரிங்கில் (மெனு, அத்தியாயங்களோடு டிவிடியாகக் கட்டமைக்கும் கட்டம்) அத்தியாயங்களாகப் பிரியுங்கள். முடியாது என்றால் பங்கீட்டை நீங்களே செய்ய வேண்டும். கருத்தரங்குக்கு 4,000 கொடுத்தால் போட்டிக்கு 7,000 கொடுக்கலாம். மொத்த அளவு ஒன்றுதான். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுகிறவருக்கு 4,000 தாராளம்.

அறிகுறி: மூன்று மணி நேரம், எதைப் போட்டாலும் படம் கலங்குகிறது

இங்கே சிபிஆரா விபிஆரா என்ற கேள்வி இரண்டாம் பட்சம். 3,100 கிலோபிட்டில் 720 புள்ளி அகலப் படத்தை நிரப்ப விபிஆராலும் முடியாது. கடினமான காட்சிக்குக் கொடுக்க எளிய காட்சியில் மிச்சமே இருக்காது. ஒவ்வொரு அரை நொடிக்கும் படம் மெல்லத் துடிப்பது போலத் தெரிந்தால் அதுவும் இதே பசியின் அடையாளம். ஒவ்வொரு பிரேம் குழுவின் தொடக்கத்திலும் முழுப் பிரேம் ஒன்று புதிதாக வந்து படத்தைக் கூர்மையாக்குகிறது, அடுத்தது வரும் வரை அந்தக் கூர்மை கரைகிறது.

மூன்று வழிகள் உண்டு. இரட்டை அடுக்கு டிஸ்க் என்றால் 5,95,000-க்குப் பதில் 10,80,000-ஐ வகுங்கள், மூன்று மணி நேரத்துக்குப் படத்துக்கு 5,800 கிடைக்கும், பிரச்சினை தீர்ந்தது. இரண்டு ஒற்றை அடுக்கு டிஸ்க்குகளாகப் பிரிப்பது இன்னும் எளிது, பழைய பிளேயர்களும் ஏற்கும். இரண்டும் வேண்டாம் என்றால் பாதி அகலம், அதாவது 352×576 அல்லது 352×480. டிவிடி விதி அனுமதிக்கும் அளவுதான். பழைய விஎச்எஸ் நாடாவிலிருந்து எடுத்தது என்றால் தயங்கவே வேண்டாம். அந்த நாடாவில் கிடையாக 240 கோடு அளவு நுணுக்கம்தான் இருக்கிறது, 720-இல் என்கோட் செய்தால் இரைச்சலைத்தான் பெரிதாகக் காப்பாற்றுவீர்கள். நாடாவுக்கு 352 அகலம், மிதமான இரைச்சல் நீக்கம், இரண்டு பாஸ் விபிஆர், சராசரி 3,100. நல்ல பலன் தரும் சேர்க்கை இது.

அறிகுறி: ஒலியும் உதடும் ஒட்டவில்லை

விபிஆர் போட்டதால்தான் ஒலி விலகியது என்று சொல்கிறவர்களுக்கு: அநேகமாக அது காரணமில்லை. பெயர்க் குழப்பம் இது. கைபேசியில் எடுத்த வீடியோவில் மாறும் பிரேம் ரேட் இருக்கும். வெளிச்சம் குறைந்தால் 30 பிரேம் எடுப்பது 24 ஆகும். மாறும் பிட்ரேட் வேறு, மாறும் பிரேம் ரேட் வேறு. டிவிடி சீரான பிரேம் ரேட்டை எதிர்பார்க்கிறது. முதலில் மூலத்தைச் சீரான 25 அல்லது 29.97-க்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு என்கோட் செய்யுங்கள்.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் பிரேம் ரேட். தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு விலகியிருந்தால் சேர்க்கும்போது ஏற்பட்ட தாமதம், படத்தையும் ஒலியையும் ஒரே கோப்பாகச் சேர்க்கும் மக்ஸரில் மில்லிநொடி கணக்கில் திருத்திக்கொள்ளலாம். மூலம் பழைய ஏவிஐ, அதற்குள் விபிஆர் எம்பி3 ஒலி என்றால் மட்டும் ஒலியின் விபிஆர் நிஜமாகவே காரணமாக இருக்கக்கூடும். ஒலியைத் தனியாக வேவ் கோப்பாக எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அறிகுறி: மக்ஸர் பஃபர் அண்டர்ஃப்ளோ என்கிறது, அல்லது ஆத்தரிங் மென்பொருள் மறுபடி என்கோட் செய்கிறது

முதலாவது, மேலே சொன்ன தொட்டி வறண்ட கதைதான், பிளேயருக்குப் போகும் முன்பே பிடிபட்டிருக்கிறது. எச்சரிக்கைதானே என்று தள்ளிவிட்டு எழுதினால் அந்த இடத்தில் டிஸ்க் நிற்கும். உச்சத்தை இறக்கித் தொட்டி அளவைக் கொடுத்துத் திரும்ப என்கோட் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

இரண்டாவதுக்கு உச்சம் 9,800-ஐத் தாண்டியது மட்டும் காரணமாக இருக்காது. ஒலி 48 கிலோஹெர்ட்ஸாக இல்லாமல் 44.1-ஆக இருக்கலாம். பிரேம் குழு நீளமாக இருக்கலாம், நொடிக்கு 25 பிரேம் ஓடும் பால் முறைக்கு 15 பிரேம், 29.97 ஓடும் என்டிஎஸ்சிக்கு 18 என்பது எல்லை. பார்த்துப் பார்த்துப் பங்கிட்ட விபிஆரை இன்னொரு மென்பொருள் தன் இஷ்டப்படி சிபிஆராக மாற்றி எழுதிவிட்டால் உங்கள் இரண்டு பாஸும் வீண். ஆத்தரிங் நிமிடக் கணக்கில் முடிய வேண்டிய வேலை. மணிக்கணக்கில் ஓடினால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

அறிகுறி: கோப்பைக் கணினியில் திறந்தால் நேரம் தவறாகக் காட்டுகிறது

110 நிமிடப் படம் 74 நிமிடம் என்று காட்டும், நடுவில் தாவினால் வேறெங்கோ போய் நிற்கும். டிவிடிக்குள் படத்தை வைத்திருக்கும் விஓபி கோப்பைத் தனியாகத் திறக்கும்போது சில மென்பொருள்கள் பிட்ரேட்டை வைத்து நீளத்தை உத்தேசிக்கின்றன. விபிஆரில் அந்த உத்தேசம் பொய்க்கும். கோப்பில் குறை இல்லை. டிஸ்க்கையோ கோப்புறையையோ முழு டிவிடியாகத் திறந்தால் ஐஎஃப்ஓ கோப்பில் உள்ள நேரக் குறிப்புகளைப் படித்துச் சரியாகக் காட்டும்.

டிவிடி அல்லாத டிஸ்க்குகள்

விசிடி (வீடியோ சிடி) என்றால் தேர்வே இல்லை. 1993-இல் வந்த அந்த வடிவம் நொடிக்கு 75 செக்டர் என்ற ஒரே வேகத்தில் படிக்கப்படுவதற்காக அமைந்தது. படம் 1,150, ஒலி 224, இரண்டும் மாறக் கூடாது. விபிஆர் போட்ட விசிடி சில பிளேயர்களில் ஓடலாம், பலவற்றில் ஓடாது.

புளூ-ரேயில் நெருக்கடி வெகுவாகக் குறைவு. 25 ஜிபி டிஸ்க்கில் இரண்டு மணி நேரப் படத்துக்கு 26,000 கிலோபிட் கிடைக்கும், படத்துக்கான உச்சம் 40,000. எம்பெக்-2-க்குப் பிந்தைய சுருக்க முறையான எச்.264-இல் இவ்வளவு இருந்தால் தர எண் முறையிலேயே என்கோட் செய்து, உச்சம் 40,000, பஃபர் 30,000 கிலோபிட் என்று வேலி போட்டுவிட்டால் பெரும்பாலும் இடம் மிஞ்சும். இரைச்சல் மிகுந்த மூலம் என்றால் மட்டும் அளவை ஒருமுறை சரிபாருங்கள்.

எந்த மாற்றத்தையும் முழு நீளத்தில் சோதிக்க வேண்டாம். மிகக் கடினமான மூன்று நிமிடத்தையும் மிக இருட்டான மூன்று நிமிடத்தையும் வெட்டி எடுங்கள். முழுப் படத்தின் இரண்டு பாஸில் அந்த இடங்களுக்குக் கிடைத்திருக்கும் பிட்ரேட்டை வரைபடத்தில் பார்த்து, அதையே சோதனைத் துண்டின் சராசரியாக வையுங்கள். முழுப் படத்தின் சராசரியை இந்தத் துண்டுக்குக் கொடுத்தால் உண்மையைவிட மோசமாகத் தெரியும், மிச்சம் பிடிக்க அதில் எளிய காட்சியே இல்லை. அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ ஒன்றில் எழுதி, கடைசியில் எந்தப் பிளேயரில் ஓடப் போகிறதோ அதிலேயே போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் முழு என்கோடைத் தொடங்கலாம்.